டீ நேரத்தில் கொடுத்த மாத்திரை

எனக்குக் கோபம் வரவழைக்கும் சொற்களில் முதலிடம் 'வழங்கப்பட்டது' என்பதற்குத்தான். மாத்திரை வழங்கப்பட்டது, ஆலோசனை வழங்கப்பட்டது, பயிற்சி வழங்கப்பட்டது என்று மருத்துவக் கட்டுரைகளில் வரிக்கு வரி வரும். யார் வழங்கினார்கள், எத்தனை மணிக்கு, வாங்கிக்கொண்டவர் விழுங்கினாரா அல்லது முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கொல்லையில் வீசினாரா என்று கேட்டால் கட்டுரை வாயைத் திறக்காது. அதன் வாயைத் திறக்கவைப்பதுதான் என் பிழைப்பு.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஊட்டச்சத்து படித்தவள், பிறகு புள்ளியியலும் கற்றுக்கொண்டவள். ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று பல ஊர்களில் பலர் ஆராய்ந்து எழுதியிருப்பார்கள். அவை அத்தனையையும் தேடிப்பிடித்து, தரம் பார்த்து, சேர்த்துவைத்து ஒரு முடிவு சொல்லும் வேலைக்கு சிஸ்டமேடிக் ரிவ்யூ என்று பெயர். என் கணவர் இதை "ஊரார் பரீட்சை பேப்பரைத் திருத்துற வேலை" என்பார். கிட்டத்தட்ட அதுதான். ஒரு நாள் அந்தப் பேப்பர் கட்டுக்குள் என் பேப்பரே வந்து சேரும் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த கேள்வி இது: வேலைக்குப் போகும் பெண்களுக்கு, வேலை செய்யும் இடத்திலேயே வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ரத்தசோகை குறையுமா? சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி இல்லை. நடவுக்குப் போகும் பெண்களுக்கு வயலிலேயே மாத்திரை கொடுக்கும் திட்டம் ஒன்று எங்கள் பக்கத்தில் எழுதித் தயாராக இருந்தது. எங்கள் ரிவ்யூ 'பலன் உண்டு' என்றால் சம்பா நடவில் தொடங்கும். 'இல்லை' என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். நடவு நடும் பெண்களின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தவள் நான். பலருக்கு அங்கே சிவப்பே இருக்காது. அந்தக் கோப்பு மூடப்படக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் ஆசைக்காக ரிவ்யூவை வளைக்க முடியாது என்பதிலும் சந்தேகம் இல்லை.

குழுவில் நான், எனக்கு இணையாக இன்னொரு பெண், எங்களுக்கு மேல் சென்னையிலிருந்து வீடியோவில் வரும் ஒரு டாக்டர் அம்மா. இணையாக இருந்தவர் முத்துப்பேட்டைக்காரர். மருந்துக்கடை வைத்திருக்கும் குடும்பம், கணவர் துபாயில். என்னைவிட வயதில் பத்து சிறியவர், வாய் மட்டும் பத்து மூத்தது. ஒவ்வொரு ஆய்வையும் இருவரும் தனித்தனியாகப் படித்து மதிப்புப் போட்டு, பிறகுதான் ஒப்பிட வேண்டும் என்பது விதி. பரீட்சை ஹாலில் மறைத்து எழுதும் பிள்ளை மாதிரி, நான் அந்தப் பக்கம் போனாலே கம்ப்யூட்டர் திரையைக் கையால் மூடிக்கொள்வார்.

மதிப்புப் போடும் படிவத்தில் 'சொன்னபடி செய்தார்களா' என்று ஒரு பத்தியைச் சேர்ப்பதற்காக நான் மூன்று கூட்டம் சண்டை போட்டேன். யார் கொடுத்தார்கள், எப்போது, எதோடு, எத்தனை பேருக்கு, எத்தனை தடவை, திட்டத்தை நடுவில் மாற்றினார்களா என்று ஆறு கேள்வி.

"ரிசல்ட் இருக்கே, அது போதாதா? எதுக்கு வேலைய இழுக்கறீங்க?" என்றார் டாக்டர் அம்மா.

"மேடம், சாப்பாடு நல்லா இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி அடுப்பு பத்துச்சான்னு பாக்கணும் மேடம்."

திரையில் அவர் சிரித்தது தெரிந்தது. பத்தியைச் சேர்த்துக்கொண்டோம். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் இருந்தேன்.

பதினேழாவது ஆய்வை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தேன். 'நெல் விளையும் ஒரு தென்னிந்திய மாவட்டம்' என்று தொடங்கியது. இரண்டாம் பக்கத்தில் நடவுக் குழுக்கள் என்று வந்ததும் மவுஸைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. அது நான் வேலை பார்த்த ஆய்வு. படிப்பு முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை, நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் களப்பணி. வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டேன். கட்டுரை அச்சில் வந்ததே எனக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் 'களப்பணியாளர்களுக்கும்' என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் நான் இருந்தேன்.

முடிவு என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஒரு வருடம் முழுக்க, ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் எல்லா வாரமும் மாத்திரை வழங்கப்பட்டது. ஆனாலும் ரத்த அளவு ஏறவில்லை. ஆகவே நடவுக் குழுக்கள் வழியாக மாத்திரை கொடுப்பதில் பலன் இல்லை. எங்கள் ஆய்வுக் கட்டுக்குள்ளேயே நெல் வயலில் நடந்த ஆய்வு அது ஒன்றுதான். மற்றவை தையல் கம்பெனி, பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்ன ஆய்வுகள். இது பெரியது. ஒழுங்காக நடந்த பெரிய ஆய்வு என்று இதற்கு மதிப்புப் போட்டால் எங்கள் மொத்த முடிவும் இது இழுத்த பக்கம் சாயும், கோப்பு மூடப்படும்.

கட்டுரையில் இருந்தது எல்லாம் உண்மைதான். வழங்கப்பட்டது. நான்தான் வழங்கினேன். எப்படி வழங்கினேன் என்பதுதான் அதில் இல்லை.

திட்டத்தின்படி மாத்திரையைச் சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு, என் கண் முன்னால் விழுங்க வேண்டும். ஆய்வை நடத்திய பேராசிரியர் இதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊரில் போய்ப் பார்த்தால் சாயங்காலம் என்று ஒன்று அந்தப் பெண்களுக்குக் கிடையாது. வயலிலிருந்து ஏறி, ஆடுமாட்டைப் பார்த்து, விறகு வைத்து, குளித்து, உலை வைத்து, பிள்ளைகளை அதட்டி, நான் போய் நிற்கும்போது ஒருத்தி கடைக்குப் போயிருப்பாள், ஒருத்தி இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாள், ஒருத்தி "வயித்தப் பொரட்டுதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். என் நோட்டில் பாதிக் கட்டம் காலி. மாதாந்திரக் கூட்டத்தில் என் நோட்டை எல்லார் முன்பும் தூக்கிக் காட்டி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வெளியே வந்து ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வழி சொன்னது நடவுக்கு ஆள் கூட்டிப் போகும் அக்கா. முப்பது பெண்களை ஒரு குரலில் இறக்கவும் ஏற்றவும் கூடியவர்.

"ஏன் பாப்பா ராத்திரியில நாய்க்குப் பயந்துக்கிட்டு சுத்துற? பத்தரைக்கு டீ வரும்ல, அப்ப வா. அத்தன பேரும் வரப்புலதான் உக்காந்திருப்போம்."

எங்கள் பக்கத்தில் வயல் வேலைக்கு ஆள் இறக்கினால் பத்தரைக்கு டீயும் வடையும் வந்தாக வேண்டும். நடவு, களை, அறுப்பு, உளுந்து எடுப்பு எதுவானாலும் சரி. டீ வராமல் வேலை நகராது, டீ வந்தால் ஒருத்தியும் வயலுக்குள் இருக்க மாட்டாள். வாய்க்காலில் கையை அலம்பிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். பெரிய தூக்குவாளியிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் வரும். நான் அடுத்த வாரம் பத்தரைக்குப் போனேன். வரிசையாக மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன், வரிசையாகப் போட்டு டீயைக் குடித்தார்கள். கசப்பும் தெரியவில்லை, பிரட்டலும் இல்லை. பதினைந்து நிமிடத்தில் ஒரு ஊர் முடிந்தது. அந்த மாதம் என் நோட்டில் காலிக் கட்டமே இல்லை. கூட்டத்தில் அதே நோட்டைத் தூக்கிக் காட்டிக் கைதட்டினார்கள். எப்படி என்று மற்றக் களப்பணியாளர்கள் கேட்டார்கள், பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லா ஊரிலும் பத்தரை மணி மாத்திரை ஆனது.

டீ இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. இது எனக்குத் தெரியாததா? கல்லூரித் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடையாக எழுதி இரண்டையும் வாங்கியவள். ஆனால் வரப்பில் நின்றபோது அந்த விடை என் தலையில் எந்த மூலையிலும் எட்டிப்பார்க்கவில்லை. எனக்குக் கட்டம் நிறைந்தால் போதும் என்று இருந்தது. அதற்காக என்னை நானே மன்னிக்க இன்றுவரை முடியவில்லை.

அன்று மதியம் நான் செய்யக்கூடிய சுலபமான காரியம் ஒன்று இருந்தது. படிவத்தில் 'தகவல் தெளிவில்லை' என்று குறித்துவிட்டு பதினெட்டாவதைத் திறந்திருக்கலாம். என் பெயர் எங்கும் இல்லை. அரை மணி நேரம் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைப்பானேன். அப்புறம் எழுந்து போய் முத்துப்பேட்டைக்காரரின் மேசைக்கு முன் நின்றேன். அவர் வழக்கம் போலத் திரையை மூடினார்.

"பதினேழாவதுக்கு நான் மதிப்புப் போட மாட்டேன்மா. அது நான் வேல பாத்த ஸ்டடி."

"அட, சூப்பரா பண்ணியிருக்காங்களேக்கா. இப்பதான் ஃபுல் மார்க் போட்டேன்."

"அதான் பிரச்சனை" என்று முழுவதையும் சொன்னேன். திரையை மூடியிருந்த கையை அவர் எடுத்துவிட்டார். "டீயிலயாக்கா?" என்றார். "எங்க கடைக்கு மருந்து வாங்க வந்த ராத்தா ஒருத்தவங்க டீயோட இரும்பு மாத்திரை போடுறேன்னு சொன்னாங்கன்னு எங்க வாப்பா அரை மணி நேரம் லெக்சர் எடுத்தாரு."

"தெரியும். உன் வாப்பாவ ஆய்வுக்கு வச்சிருக்கணும்."

அடுத்த கூட்டத்தில் டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க ஞாபகத்தை நான் நம்பறேன். ஆனா ரிவ்யூல ஞாபகத்துக்கு இடம் கிடையாது. பேப்பர்ல இருக்கணும், இல்ல அந்தப் பேப்பரை எழுதினவர் எழுத்துல குடுக்கணும். நமக்குப் புடிச்ச முடிவு வரணும்னு ஒரு ஸ்டடியக் கவுத்துட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்வீங்க?"

அவர் சொன்னது சரி. என்னிடம் வேறு யாராவது இப்படி வந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் கடுமையாக. பேராசிரியருக்கு ரிவ்யூ குழுவின் சார்பில் முறைப்படி கடிதம் போனது: மாத்திரை எப்போது, எப்படிக் கொடுக்கப்பட்டது? பத்து நாளில் ஒரு வரி பதில் வந்தது. திட்டமிட்டபடியே வழங்கப்பட்டது.

எனக்கு வந்த கோபத்தில் பதிலை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்தேன். இனி விடுவதில்லை என்று முடிவு செய்ததும் அன்றுதான்.

அந்த ஆய்வை நடத்தியதும் இதே கல்லூரிதான். பழைய நோட்டுகள் பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்துக் கிடங்கில் இருக்கலாம் என்று பியூன் சொன்னார். சாவிக்கு ஒரு வாரம் அலைந்தேன். உள்ளே உடைந்த நாற்காலிகளுக்கும் செத்துப்போன ஃபேன்களுக்கும் பின்னால் உரச் சாக்குகளில் கட்டி வைத்திருந்தார்கள். முத்துப்பேட்டைக்காரர் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினார். சில நோட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. மூன்றாம் நாள் என் கையெழுத்து கிடைத்தது. இருபத்து மூன்று வயதில் நான் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்! பெயர், வயது, வாரம், டிக். அந்த டிக்குக்குப் பக்கத்தில் 'நேரம்' என்று ஒரு பத்தி. பேராசிரியர் தாமே கோடு போட்டுச் சேர்த்த பத்தி அது. கணக்கெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் அதைத் தேவையில்லை என்று விட்டுவிட்டிருக்கிறார்கள். பத்தரை, பத்தே முக்கால், பத்தரை, பத்து நாற்பது என்று பக்கம் பக்கமாக இருந்தது. முதல் மாதத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம்கூட இல்லை.

"உங்க எழுத்தே உங்களப் புடிச்சுக் குடுத்துருச்சுக்கா" என்றார் அவர், சாக்கின் மேல் உட்கார்ந்து தும்மிக்கொண்டே.

பேராசிரியர் ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் இருந்தார். நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. காலிக் கட்டமில்லாத நோட்டுக்காரி என்றுதான் நினைவு வைத்திருந்தார், அது எனக்கு இன்னும் சங்கடம். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்பவே ஏன் சொல்லல?"

"அப்ப அது தப்புன்னே தோணல சார். டிக்கு விழுந்தா போதும்னு இருந்துட்டேன்."

"வாரா வாரம் நானும்தானே ஜீப்ல வந்தேன்?"

"நீங்க மத்தியானம் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து நோட்டுல டிக்க மட்டும் பாப்பீங்க சார். பத்தரைக்கு வரப்புக்கு வந்ததில்ல."

சொன்ன பிறகு அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று இருந்தது. அவர் நோட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நேரத்துப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"நேரம் இருக்கு, ஒத்துக்கறேன். டீ எங்க இருக்கு? பத்தரைக்குத் தண்ணியோட குடுத்திருக்கலாமே. உன் வார்த்தைய மட்டும் வச்சு என் ஸ்டடியில நானே எப்படிக் கை வைக்கறது? உன்னத் தவிர ஒருத்தர் சொல்லட்டும், எழுதித் தரேன்."

மழுப்புகிறார் என்று முதலில் நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. என் படிவத்தின் ஆறு கேள்விகளில் 'எதோடு' என்பதும் ஒன்று. நானே சண்டை போட்டுச் சேர்த்த கேள்வி.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் இருவரும் நன்னிலம் பஸ்ஸைப் பிடித்தோம். இப்போது பாதி வயலில் நடவு மிஷின் ஓடுகிறது. சில இடங்களில் வடநாட்டுப் பையன்கள் நடுகிறார்கள். மிஷின் இறங்க முடியாத சேற்று வயல்களில் மட்டும் பெண்கள். ஆள் கூட்டிப் போகும் அக்கா இன்னும் வேலைக்குப் போகிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள், எந்த வயல் என்றும் சொன்னார்கள்.

வயலுக்கு அரை பர்லாங்கு இருக்கும்போதே நான் நின்றுவிட்டேன். "நீ மட்டும் போ. நான் பக்கத்துல நின்னா என் மூஞ்சியப் பாத்து எனக்குச் சாதகமா எதையாவது சொல்லிருவாங்க. டீன்னு நீயா ஆரம்பிக்கக் கூடாது. மாத்திரை எப்படிப் போட்டீங்கன்னு மட்டும் கேளு."

"தெரியும்க்கா. எனக்கே பாடமா?" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

பம்புசெட்டு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை ஆகியிருந்தது. டிவிஎஸ் வண்டியில் தூக்கு வந்தது, பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். முத்துப்பேட்டைக்காரர் குனிந்து பேசுவது தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. ரொம்ப நேரம் ஆனது மாதிரி இருந்தது, கால் மணி நேரம்கூட இருக்காது. திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

நான் போவதற்குள் அந்த அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது.

"மாத்திரப் பொண்ணா நீயி! இந்தப் பாப்பா மாத்திர எப்படிப் போட்டீங்கன்னு கேட்டுச்சு. டீயிலதான் போட்டோம், வரப்புல தண்ணிக்கு எங்க போறதுன்னு சொன்னேன். அதுக்கு என்னமோ பேயப் பாத்த மாரி பாக்குது."

வந்த வேலை முடிந்துவிட்டது. முத்துப்பேட்டைக்காரர் அவர் சொன்னதை அப்படியே எழுதி, இன்னும் மூன்று பெண்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருந்தார். அடுத்த வாரம் பேராசிரியர் அதைப் படித்தார். 'மாத்திரை திட்டமிட்டபடி தரப்படவில்லை, தேநீருடன் தரப்பட்டது, இதை நான் அறிந்திருக்க வேண்டும்' என்று தம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை. அவராகச் சேர்த்தார். பதினேழாவது ஆய்வில் 'சொன்னபடி செய்தார்களா' என்ற பத்தியில் 'இல்லை' என்று விழுந்தது. டீயால் மட்டும்தான் ரத்தம் ஏறவில்லை என்று எங்களால் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. சொன்னபடி கொடுக்காத மாத்திரையை வைத்து மாத்திரை வேலை செய்யாது என்று சொல்ல முடியாது என்று எழுதினோம். கோப்பு மூடப்படவில்லை.

ஆனால் அன்று வரப்பில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. சாட்சி கிடைத்த சந்தோஷத்தில், "நல்லா இருக்கீங்களாக்கா, புள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"மவள மன்னார்குடியில குடுத்திருக்கு. ரெண்டாவது முழுவாம இருக்கு, அஞ்சு மாசம். ரத்தம் இல்ல ரத்தம் இல்லன்னு அந்த நர்சம்மா கரிச்சுக் கொட்டுது. மொத புள்ளைக்கே பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க. பொழச்சதே பெரிய காரியம்."

"மாத்திரை போடுதா?"

"அத எதுக்குப் போடணும்?" என்றார், மிகச் சாதாரணமாக. "அது நம்ம ஒடம்புக்கு ஒத்துக்காது பாப்பா. நீ ஒரு வருஷம் குடுத்த, ஒரு வாரம் வுடாம போட்டோம். கடைசியா ஊசி குத்திப் பாத்துட்டு ஏறலன்னுதான சொன்னீங்க? வவுறு கட்டுனதுதான் மிச்சம். மவள்ட்ட சொல்லிட்டேன், வாங்கிக்க, திங்காதன்னு. இங்க எல்லாருமே அவங்க அவங்க புள்ளைங்கள்ட்ட அப்புடித்தான் சொல்லி வச்சிருக்கோம்."

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆமாம் ஆமாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கட்டுரையை யாரும் படிக்காவிட்டாலும் அதன் முடிவு இந்த ஊரில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்த்தார்கள், பலன் இல்லை என்று கண்டார்கள், பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ரிவ்யூ எழுதும் நான் செய்வதும் அதுதானே. ஒரு பெண் ரத்தம் இல்லாமல் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், மறுபடியும் போகப்போகிறாள். அதில் என் நோட்டுக்குப் பங்கு உண்டு.

முத்துப்பேட்டைக்காரர் என் முழங்கையைத் தொட்டார். "அக்கா, பெறவு வந்து பேசிக்கலாம்க்கா" என்றார் மெதுவாக. 'பிறகு' வேண்டாம், இப்போதே என்று தலையாட்டினேன். பொத்தானைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தது ஒரு தடவை போதும்.

எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "தப்பு மாத்திரையில இல்லக்கா, உங்க ஒடம்புலயும் இல்ல. டீயோட போட்டா அது ஒடம்புல சேராது. தண்ணியிலதான் போடணும், போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ குடிக்கக் கூடாது. அது நான் படிச்சது. படிச்சிட்டும் உங்களுக்கு டீயோட குடுத்தேன். நோட்டுல டிக்கு விழணும்னு குடுத்தேன்."

ஒரு பெண் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த அக்கா என்னை வையப்போகிறார் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, அதற்குள்ளிருந்து போனை எடுத்து, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏய், அந்தச் செவப்பு மாத்திரைய வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"பீரோவுல கெடக்கு. ஏன், நீதானம்மா திங்காதன்னே?"

அக்கா போனை என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு" என்றார். "நான் சொன்னா நம்பாது. இத்தன வருஷமா மாத்தித்தான சொல்லிருக்கேன்."

நான் போனை வாங்கிக்கொண்டேன்.